செவலையின் தும்மல்

ஆற்றங்கரைப் புல்வெளியில் புல் பூத்த காலம். செவலை என்ற காளை ஓயாமல் தும்மியது. அதன் கண்கள் சிவந்தன, மூக்கு தண்ணீராய் ஒழுகியது.

மந்தையின் மூத்த பசு மயிலை பயந்துபோனது. "இது ஒட்டிக்கொள்ளும் நோய். கன்றுகளுக்கு வந்தால் என்ன செய்வேன்? நீ அக்கரைக்குப் போய்விடு" என்றது.

செவலை தலைகுனிந்து ஆற்றைக் கடந்தது. அக்கரையில் மணலும் சில புதர்களும்தான். ஆனால் மாலைக்குள் தும்மல் நின்றுவிட்டது. மறுநாள் காற்று திசைமாறி, புல்வெளியின் பூப்பொடியை வாரிக்கொண்டு வந்தது. உடனே கண் அரித்தது, தும்மலும் திரும்பியது.

செவலைக்கு விஷயம் புரிந்தது. கரையில் நின்று சத்தமாகக் கூப்பிட்டது.

"மயிலையக்கா! எனக்குக் காய்ச்சல் இல்லை. பூப்பொடி பட்டால் தும்முகிறேன், படாவிட்டால் நின்றுவிடுகிறது. என் மூக்குக்கு அது ஆகவில்லை, அவ்வளவுதான்."

"எப்படி நம்புவது?"

"நான் தும்மிய நாளெல்லாம் கன்றுகள் என்மேல் சாய்ந்துதானே படுத்தன? ஒன்றாவது தும்மியதா?"

மயிலை கன்றுகளைத் திரும்பிப் பார்த்தது. எல்லாம் துள்ளிக்கொண்டிருந்தன.

"இல்லை. நீ இங்கே வந்துவிடு, செவலை."

"பூ உதிரட்டும் அக்கா. அதுவரை எனக்கு இந்தக் கரைதான் நல்லது."

மயிலை கொஞ்சம் யோசித்தது. பிறகு ஆற்றில் இறங்கிக் கடந்துவந்து, ஒழுகிக்கொண்டிருந்த செவலையின் மூக்கோடு தன் மூக்கை உரசியது. அதைப் பார்த்த கன்றுகளும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின.