மூன்றாம் சுற்றில் ஒரு கோணல்

“கைவேலைன்னு சொல்லி மெஷின்ல போட்டு எடுத்தா எனக்குத் தெரியாதா?”

கைவினைப் பொருள்களை வாங்கி விற்கும் நியாய வணிக நிறுவனத்திலிருந்து சோதனைக்கு வந்தவள், சுவரில் மாட்டும் கோரைத் தட்டுகளை மேஜையில் பரப்பினாள். நாற்பது தட்டுகள். நாற்பதிலும் மூன்றாம் சுற்றில், ஒரே இடத்தில், ஒரே கோணல்.

“கை பிசகும், சரி. எல்லாருக்குமா ஒரே இடத்துல பிசகும்? மெஷினை எங்கே ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“தேடிப் பாருங்கம்மா” என்றாள் பின்னல்காரி.

தேடினாள். பின்னறையில் ஊறப்போட்ட கோரையும் ஆறு பெண்களும்தான் இருந்தார்கள்.

“அப்போ இந்தக் கோணல்?”

“சாம்பிள் மாதிரியே இம்மி பிசகாம வேணும்னு உங்க ஆபீஸ்லதானே சொன்னாங்க? அதுல கோணல் இருந்துச்சு, போட்டோம். எங்க கைக்கு அது படியவே ஒரு வாரம் ஆச்சு.”

பின்னல்காரி சாம்பிளை எடுத்துவந்து திருப்பிக் காட்டினாள். “பின்னாடி ‘நானே பின்னியது’ன்னு சீட்டு வேற. யாரும்மா அந்த மகராசி?”

சோதனைக்கு வந்தவள் குனிந்து பார்த்தாள். போன வருஷப் பயிற்சியில் தானே பின்னி, ஆபீஸ் சுவரில் ஆசையாக மாட்டிவைத்த தட்டு. சீட்டில் இருந்தது தன் கையெழுத்தேதான்.

“நாற்பதும் கைவேலைதான். ரிப்போர்ட்டை ஆபீஸ்ல போய் எழுதிக்கறேன்” என்று திறந்த பேனாவை அவசரமாக மூடினாள்.