முன்வரிசை

"இந்த வாட்டியாவது பேனரை எங்ககிட்ட குடுங்கம்மா!"

ஸொலேகா கேட்டதற்கு நொபந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பின்னால போய்ப் பாடு பொண்ணே. தொண்டை நல்லாத்தானே இருக்கு?"

ஊர்வலத்தின் முன்வரிசையில் அகலமான பேனரை இறுக்கிப் பிடித்து நடந்தவர்கள் நொபந்துவையும் சேர்த்து நான்கு பேர். எல்லாருமே அறுபதைத் தாண்டிய பெண்கள். இருபது சொச்சம் வருடங்களுக்கு முன்பு, எச்.ஐ.வி. மாத்திரை கேட்டு இதே கேப் டவுன் தெருக்களில் அடி வாங்கியவர்கள். மாத்திரை வந்ததும் ஊரார் இவர்களுக்கு மாலை போட்டார்கள். அதோடு மறந்தும்போனார்கள்.

இன்றைய கோரிக்கை வேறு. உயிரைக் காத்த அந்தக் காலத்து மாத்திரையே பலருடைய பாத நரம்பைத் தின்றுவிட்டது. மிச்சத்தைக் கிருமி பார்த்துக்கொண்டது. படியில் விழுகிறார்கள், குளியலறையில் விழுகிறார்கள். தெருவில் விழுந்தால் குடிகாரப் பட்டம் வேறு. எங்கள் கிளினிக்குக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

"கேமரா எங்கயோ, கிழவிங்க அங்கதான்," என்று பக்கத்தில் வந்தவனிடம் முணுமுணுத்தாள் ஸொலேகா.

"நடையைப் பாரு, கல்யாண ஊர்வலம் மாதிரி! ஆபீஸைப் பூட்டினப்புறம்தான் போய்ச் சேருவோம்," என்றான் அவன்.

"காது எனக்கு இன்னும் வேலை செய்யுதுடா," என்றாள் நொபந்து.

"கேட்கட்டும்னுதான் சொல்றோம். போராட்டம் என்ன உங்க நாலு பேர் சொத்தா?" என்றாள் ஸொலேகா.

நொபந்து துணியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

சுகாதார அலுவலக வாசல். அதிகாரி தெருவுக்கு இறங்கி வந்து, கூட்டத்துக்கு முன்னால் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். அதுவரை யாரும் கலைய மாட்டோம்.

அதிகாரி ஹெண்ட்ரிக்ஸ் இறங்கி வந்தார். மனுவைப் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"நடக்க முடியாம விழறாங்கன்னு எழுதியிருக்கு. ஆனா இவ்வளவு தூரம் வரிசை கலையாம வந்திருக்கீங்க. என்னாலயே முடியாதும்மா! இதுல யாரு விழுந்தாங்க?"

காவலர்கள் சிரித்தார்கள். எங்கள் பாட்டு நின்றுபோனது. மனுவைத் திருப்பி நீட்டினார் அவர்.

"ஸொலேகா!" நொபந்துவின் குரல் கணீரென்று வந்தது. "பேனர் கேட்டியே, வந்து வாங்கிக்கோ. மொத்தமா வாங்கிக்கோங்க."

இளையவர்கள் ஓடிவந்து வாங்கினார்கள்.

துணி கையை விட்டுப் போனதும் நான்கு பேரும் ஆடினார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தோளைத் துழாவினாள். நொபந்துவின் கால் ஊன்ற இடம் தெரியாமல் தடுமாறியது. முன்னால் சாய்ந்தவளின் முழங்கையை ஹெண்ட்ரிக்ஸ் பதறிப் பிடித்தார்.

ஸொலேகா பேனரைத் திருப்பி நீட்டினாள். "அம்மா... இந்தாங்க, பிடிச்சுக்கோங்க."

"நீயே வச்சுக்கோ கண்ணு." நொபந்து அதிகாரியைப் பார்த்துச் சிரித்தாள். "கையை விட்டுடாதீங்க ஐயா, விழுந்திடுவேன். இன்னொரு கை சும்மாதானே இருக்கு? கையெழுத்தைப் போடுங்க."