முட்டை

துளை அட்டையை விடைத்தாளின் மேல் வைத்ததும் கட்டம் சாருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அட்டையில் நாற்பது துளைகள்; சரியான விடைக்குப் போட்ட கோடு மட்டும்தான் அவற்றின் வழியாகத் தெரியும். பெரியவளின் தாளில் நாற்பதும் வெள்ளையாக இருந்தன.

பதினேழாவது துளையில் மட்டும் அழித்த கோட்டின் கறை லேசாகத் தெரிந்தது. பாவம், ஒன்றையாவது சரியாகப் போட்டிருக்கிறாள், அதையும் தானே அழித்துத் தொலைத்திருக்கிறாள் என்று உச்சுக்கொட்டினார். மார்க் போடும் இடத்தில் முட்டையை வரைந்தார்.

அடுத்தது சின்னவளின் தாள். அவள் எழுதிய லட்சணத்தை அவர் காலையில் நேரிலேயே பார்த்திருந்தார். படங்களைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சிரித்தபடி, கை போன இடத்தில் கோடு இழுத்தாள். அப்படியும் பதினொன்று தேறியிருந்தது.

அக்கா தங்கை இருவரும் இந்த மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்துக்கு வந்து இருபது வருடமாகிறது. வந்த நாளில் சின்னவளுக்குப் பேச்சு வரவில்லை, பெரியவள் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே கேஸ் என்று அன்றைக்கு யாரோ ஃபைலில் எழுதினார்கள். அந்த வரியை அப்புறம் யாரும் திருத்தவில்லை.

இப்போது மாடியில் பாதியை இடிக்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து மிஞ்சியது ஒரே கட்டில். பரீட்சையில் அதிகம் வாங்குபவளுக்கு அந்தக் கட்டில். மற்றவள் கீழே பூட்டு வார்டுக்குப் போக வேண்டும். அங்கே வெயில் கிடையாது, வேளைக்கு வேளை கைகால் கட்டு உண்டு. கீழே போனவர்கள் யாரும் நடந்து மேலே வந்ததில்லை.

அதற்காகத்தான் கட்டம் சாரை வரவழைத்தார்கள். அவருடைய கேள்விப் புத்தகம் முழுக்கக் கட்டங்களும் படங்களுமாக இருப்பதால் காப்பகத்தில் அவருக்கு அதுவே பேர். காலையில் பென்சிலைக் கையில் வாங்கும்போது பெரியவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கம்மியா வாங்கறவங்கதானே சார் கீழ போகணும்?"

ஆமாம் என்றார். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்து, அவசரப்படாமல் பார்த்து எழுதச் சொன்னார். அவளும் ஒவ்வொரு கேள்வியையும் வெகுநேரம் பார்த்துத்தான் கோடு போட்டாள்.

முட்டையைக் கண்டதும் வார்டன் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. முப்பது பேருடைய மாத்திரையும் வேளையும் பெரியவளுக்கு மனப்பாடம், ஒழுகுகிற குழாயை அவள்தான் சரிசெய்கிறாள், யாருக்கு வலிப்பு வரப்போகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்றெல்லாம் அடுக்கினார்.

"அதெல்லாம் பழக்கம்மா. அறிவுங்கறது வேற."

நினைவு, சொல், கணக்கு, உருவம் என்று மனித மூளையைக் கூறுபோட்டு எடைபோடும் படிப்பு கட்டம் சாருடையது. குழாய் ரிப்பேருக்கு அதில் பாடம் இல்லை. கையெழுத்துப் போட்டு முத்திரையையும் குத்தினார்.

மத்தியானமே ஆட்கள் வந்துவிட்டார்கள். பெரியவள் மல்லுக்கு நிற்கவில்லை. தன்னைப் பிடித்திருந்த தங்கையின் கையை அவளே விரல் விரலாகப் பிரித்தாள். அந்தக் கையில் தலையணை நுனியைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள். சின்னவள் வைத்த ஓலம் ஆபீஸ் அறைவரை கேட்டது.

கட்டம் சார் புறப்படுகிற நேரத்தில் டீ கொண்டுவந்த ஆயா, மேஜையில் கிடந்த கேள்விப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

"நாலு படத்துல ஒண்ணைத் தொடணும், அவ்வளவுதானா? கண்ணை மூடிக்கிட்டு கோடு போட்டாக்கூட பத்து தேறுமே சார்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

சின்னவளுக்குப் பதினொன்று வந்தது அப்படித்தான். குருட்டாம்போக்கில் எழுதினாலே பத்துக் கிடைக்கிற தாளில் ஒன்றுகூடக் கிடைக்காமல் போக வேண்டும் என்றால், நாற்பதுக்கும் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்து, அதை மட்டும் தொடாமல் ஒதுங்கியிருக்க வேண்டும். பதினேழாவதில் கை தவறிச் சரியானதைப் போட்டுவிட்டு, சுதாரித்து அழித்திருக்கிறாள்.

இத்தனை வருட சர்வீஸில் அவர் யாருக்கும் நாற்பது மார்க் போட்டதில்லை. முதன்முதலாக ஒருத்தி வாங்கியிருக்கிறாள், அதைத் தலைகீழாக வாங்கியிருக்கிறாள். டீயை அப்படியே வைத்துவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினார்.

பூட்டு வார்டின் இரும்புக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பு. உள்ளே பெரியவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டில் அதற்குள் துணிப்பட்டையைக் கட்டிவிட்டார்கள். அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. விரும்பி யாராவது இங்கே வருவார்களா, எதற்காக இப்படிச் செய்தாள் என்று அவருடைய படிப்புக்கு எட்டவில்லை.

"கீழ வரணும்னா அஞ்சாறு சரியா போட்டுகூட வந்திருக்கலாமேம்மா. நாப்பதையும் ஏன் தப்பா போட்டே?"

மாடியில் ஓலம் இன்னும் ஓயவில்லை. அது கேட்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தவள், கதவுப் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"தங்கச்சிக்கு எவ்வளவு வரும்னு தெரியாதே சார்."