கடைசி அறைக்குப் பிறகு

அந்தத் தேன்கூட்டில் தேனோடு வரும் ஒவ்வொரு தேனீயும் முதல் அறையிலிருந்துதான் காலியிடம் தேட வேண்டும். சுத்த முட்டாள்தனம். வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. மழை வேறு நெருங்கிவிட்டது, நனைந்தால் தேன் வீண்.

"கடைசியா நிரப்பின அறைக்கு அடுத்ததிலிருந்து தேடினா போதும்" என்றாள் மின்னி என்ற தேனீ.

ஆனால் ஒருத்தி யோசித்த மாற்றத்தை இன்னொருத்தி சோதித்து 'சரி' சொன்னால்தான் அங்கே எதுவும் மாறும். சோதிக்க வந்தவள் கடுகு. குறை சொல்லியே பேர் வாங்கினவள்.

"கடைசி அறைக்குப் போயாச்சு. அப்புறம்?" என்று கேட்டாள் கடுகு.

"அப்புறம் என்ன, கூடு நிறைஞ்சிடுச்சுன்னு அர்த்தம்."

"நாம கடைசி அறைக்குப் போறதுக்குள்ள முதல் வரிசைத் தேனைக் குஞ்சுங்க தின்னு தீர்த்திருக்கும். அந்த அறையெல்லாம் காலியா இருக்கும்போது, இடமில்லைன்னு எல்லாரையும் திருப்பி அனுப்புவியா?"

மின்னியின் முகம் சுண்டிப்போனது. "உனக்குப் பொறாமைடி."

"பொறாமையா இருந்தா 'சரி'ன்னு சொல்லிட்டுப் போயிருப்பேன். மழையில நீயே மாட்டிக்கிட்டிருப்பே."

மின்னி முதல் வரிசையை எட்டிப் பார்த்தாள்; குஞ்சுகள் தின்றுகொண்டிருந்தன. பிறகு தன் யோசனையில் ஒன்றைச் சேர்த்தாள்: கடைசி அறையும் நிறைந்திருந்தால் முதல் அறைக்குத் திரும்ப வேண்டும்; தேடத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் கூடு நிறைந்ததாக அர்த்தம்.

கடுகு மறுபடி சோதித்தாள். "சரி" என்றாள்.

வரிசை மளமளவென்று கரைந்தது. மழை கொட்டியபோது ஒரு சொட்டுத் தேன்கூட வெளியே இல்லை. கூடு முழுக்க மின்னி பெயரைச் சொல்லி ரீங்காரம். அவளோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு கடுகிடம் வந்தாள்.

"நாளைக்கு இன்னொண்ணு கொண்டு வரேன். குறை சொல்ல நீதான்டி வரணும்."