பம்புக்குப் போகும் வயர்

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுழன்றது. என்ஜின் பிடிக்கவில்லை.

அனந்தநாராயணன் இறங்கி பானெட்டைத் திறந்தார்.

மும்பை செம்பூரில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் பார்க்கிங்கில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் அது ஒன்றுதான். சிவப்பு. முப்பது வயது. இன்று அதை ஓட்டிக்கொண்டு வாஷியில் மகள் அம்முவின் வீட்டு வாசலில் போய் இறங்கிவிட்டால், இனி யாரும் அவரிடம் வண்டி ஓட்டாதே என்று சொல்ல முடியாது.

"டாக்ஸில போனா கொறைஞ்சா போயிடுவேள்?" என்று மனைவி நாகலக்ஷ்மி காலையிலேயே கேட்டாயிற்று.

நேர்ப் பார்வை பரவாயில்லை, பக்கப் பார்வைதான் சுருங்கிக்கொண்டு வருகிறது, வண்டி வேண்டாம் என்றார் கண் டாக்டர். அனந்தநாராயணன் வண்டியின் இரு பக்கமும் அகலமான வட்டக் கண்ணாடிகளை மாட்டினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

கோளாறு தேட அவருக்கு ஒரு முறை உண்டு. வண்டியை மனதுக்குள் இரண்டாக வெட்ட வேண்டும். இந்தப் பக்கம் சரி என்றால் தப்பு அந்தப் பக்கம்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். காய்ந்திருந்தது. அவ்வளவு நேரம் சுழன்றும் பிளக் நனையவில்லை என்றால், பெட்ரோலே வரவில்லை.

பின்பக்கம் போனார். சாவி போட்டதும் டாங்க்கின் அருகே பம்ப் முனக வேண்டும். முனகவில்லை. அதற்கு வரும் வயரில் டெஸ்ட் விளக்கை வைத்தார்; எரியவில்லை. முன்னால் வந்து ஃப்யூஸில் வைத்தார்; எரிந்தது.

அப்படியென்றால் நடுவில்.

டிரைவர் கதவருகே மண்டியிட்டு, கார்பெட்டைத் தூக்கி, வயரின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஸீட்டுக்கு அடியில் வயரை வெட்டி, நடுவில் ஒரு சின்ன ஸ்விட்ச் வைத்திருந்தார்கள். அணைந்திருந்தது.

கம்பிகளைச் சேர்த்திருந்த விதத்தைப் பார்த்தார். சீராக முறுக்கி, நுனியை மடித்து, வயரோடு படுக்கவைத்த இணைப்பு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் கேபிள் இணைத்த கை. அவர் வீட்டுக் கை, நாகலக்ஷ்மியின் கை.

கோபத்துக்கு முன்னால் சந்தோஷம்தான் வந்தது. ஸ்விட்சைப் போட்டார். பின்னால் பம்ப் முனகியது.

எழுந்து, மூன்றாம் மாடி பால்கனியை அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"நாகு! கண்டுபிடிச்சுட்டேன், பாத்தியா!"

"கத்தாதீங்கோ. இங்கதான் இருக்கேன்."

தலையை முழுதாகத் திருப்பினார். இடது தோளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தாள்.

"எப்போ வந்தே?"

"நீங்க பானெட்டைத் திறக்கறச்சே. ரெண்டு தடவை என்னைத் தாண்டிண்டு போனேள்."

அவள் கையிலிருந்த டம்ளரில் காபி ஆறி, ஆடை படிந்திருந்தது.

அவர் மறுபடியும் டிரைவர் கதவருகே மண்டியிட்டு, ஸீட்டுக்கு அடியில் கையை விட்டார்.

பம்பின் முனகல் நின்றது.