மூன்று லிட்டர்

நூற்பாலை மருத்துவ அறையில் தொழிலாளர்களின் மூச்சை அளப்பவள் நர்ஸ் சாந்தாமணி. அவளுடைய சான்றிதழைப் புதுப்பிக்கத் தேர்வாளர் வந்திருந்தார். மூச்சளக்கும் கருவி மாறாமல் ஒரே அளவைக் காட்டுகிறதா என்று பார்க்க, திங்கள்தோறும் அவளே அதில் ஊதிப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஆறு வருடமாக ஒரு திங்கள்கூட அவள் தவறவிடவில்லை. அவள் ஊதிய மூச்சின் எண் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது.

"மெஷின் பழசாயிருச்சுங்க சார். நாலு தடவை எழுதிப் போட்டும் மாத்தித் தர மாட்டேங்கறாங்க."

தேர்வாளர் தன் பையிலிருந்து சரியாக மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய சிரிஞ்சை எடுத்துக் கருவியில் பொருத்தி அழுத்தினார். திரையில் மூன்று என்று வந்தது. மறுபடியும் அழுத்தினார். மூன்றுதான்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்."

மேசையில் படிந்திருந்த பஞ்சுத்தூசியைத் துடைத்துவிட்டுச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு தொழிலாளர்கள் உட்காரும் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். மூக்குக் கிளிப்பை அவளே மாட்டிக்கொண்டாள்.

"ஊதுங்க, ஊதுங்க, விடாம ஊதுங்க."

அந்த அறையில் அதை இன்னொருவர் சொல்லி அவள் கேட்டது அதுவே முதல் தடவை.