ஊசல் நிற்கும் இடம்

பித்தளைக் குண்டு நேர்கோட்டில் ஆடவில்லை. கோழிமுட்டை வடிவில் சுற்றியது.

இரண்டாம் முறையும் அப்படித்தான். குண்டின் மேல் குற்றமில்லை. அதை விட்ட பிசிக்ஸ் டீச்சரின் கைதான் நடுங்கியது.

கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக, தலைமையாசிரியர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்.

காலையிலேயே கெமிஸ்ட்ரி டீச்சர் அவள் காதைக் கடித்திருந்தாள். இன்று அவர் வந்து பார்க்கப்போகிறாராம். பாடம் தடுமாறினால் இந்த வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடுமாம். இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னவர்தானே அவர்.

மகள் இறந்த பிறகு அவள் எடுக்கும் முதல் வகுப்பு இது. இதுவும் கைவிட்டுப் போனால் பகல் முழுக்க அந்த வீட்டில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

குண்டைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரு தையல் நூலால் மேசைக் கம்பியோடு கட்டினாள். மெழுகுவர்த்தியை ஏற்றி நூலுக்கு அடியில் பிடித்தாள். சுடர் எவ்வளவு நடுங்கினாலும் நூல் எரியத்தான் செய்யும்.

நூல் அறுந்தது. யாரும் தள்ளாத குண்டு, கோடு கிழித்த மாதிரி போய்வந்தது.

பிள்ளைகள் எண்ணினார்கள். வழக்கம்போல, விட்ட கணத்திலேயே ‘ஒன்று’ என்றார்கள். போய்த் திரும்பி வந்தால்தானே ஒன்று, புறப்படும்போது சுழி என்று நிறுத்தினாள். குண்டைவிடத் தனக்குத்தான் அவசரம் என்றான் வாயாடி ஒருவன். வகுப்பு சிரித்தது.

அவள் கண் கடைசி பெஞ்சுவரை போய் வந்தது. அங்கே சிரிப்பில்லை.

கண்ணாடி போட்ட பெண் எழுந்தாள். ஓரத்தில் குண்டு ஒரு கணம் நின்றுவிடுகிறதே, வேகமும் சுழி, அப்படியென்றால் அங்கே அதன்மேல் எந்த விசையும் இல்லைதானே என்று கேட்டாள்.

வருடா வருடம் யாராவது கேட்பதுதான்.

சாக்பீஸை எடுத்தாள், வைத்தாள். போர்டில் ஒரு அம்புக்குறி போட்டு அதை அழித்தாள். திறந்திருந்த ஜன்னலை மறுபடி திறக்கப் போனாள்.

தலைமையாசிரியர் முன்னால் சாய்வது தெரிந்தது. போச்சு என்று நினைத்தாள்.

பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, குண்டை அவள் விரல்களில் கொடுத்து, மெல்ல நடுவிலிருந்து விலக்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

“இழுக்குது மிஸ். தள்ளிப் போகப் போக ஜாஸ்தியா இழுக்குது.”

“ஆனா நின்னுட்டுதானே இருக்கு? நிக்கிற இடத்துலதான்மா இழுப்பு அதிகம்.”

அந்தப் பெண் குண்டை விட மனமில்லாமல் பிடித்தபடியே தலையாட்டினாள். சீரிசை இயக்கம் என்று தலைப்பிட்டு மற்றவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மணி அடிக்கும்வரை டீச்சர் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்துகொண்டே இருந்தாள். கடைசி வரிசைப் பக்கம் மட்டும் போகவில்லை.

பிள்ளைகள் இறங்கிப்போன பிறகு அவர் எழுந்து வந்தார். அவள் நிமிராமல், மேசையில் உறைந்திருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். சொல்ல வேண்டியதைத் தயாராக வைத்திருந்தாள். நாளைக்கு இன்னும் நன்றாகச் செய்வாள். ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கட்டும்.

“ஆபீஸ்ல உட்கார முடியல,” என்றார் அவர். “நம்ம பொண்ணு கதவைத் தட்டாம உள்ள வந்துடுவா போலவே இருக்கு. நாளைக்கும் இங்க வந்து உட்காரட்டுமா?”

மகள் போனதிலிருந்து வீட்டில் இருவரும் சரியாகப் பேசிக்கொண்டதில்லை. பள்ளிக்கூடத்துக்குள் கணவரை ‘சார்’ என்று அழைப்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் வழக்கம். இப்போது அந்த வார்த்தை வரவில்லை.

சரி என்று தலையை ஆட்டினாள்.